றிவேர்ஸ்

முதல் ஞாயிறு நான் பின்னுக்குத்தான் போனேன்.
மீன்பெட்டியின் றெஜிபோம் மூடியை
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு
இருபது நிமிடம் உதைத்தேன்.
தலையைத் தூக்கிப் பார்த்தால்
குறிவைத்த சிவப்பு மிதவை
இன்னும் ஒரு பாகம் தள்ளி நின்றது.

டச்பார் செரின் ராகல், இருபத்திரண்டு வயது,
பாசிக்குடாவின் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று
சிரிப்பை அடக்கமுடியாமல் கேட்டாள்:
"அங்கிள், தண்ணிக்குள்ள என்னத்துக்கு பிரேக் பிடிக்கிறீங்க?"

பிரேக்தான்.
பத்தொன்பது வருசம் மட்டக்களப்பு–பொத்துவில் றோட்டு.
களுவாஞ்சிக்குடியில் குறுக்கே படுத்த மாடு,
நிந்தவூரில் பாதி றோட்டில் காயும் நெல்லு.
இடது கால் கிளச், வலது கால் பிரேக்,
விரல்கள் மேலே பார்த்தபடியே இறுகிப்போன
இரண்டு கணுக்கால்.
முதுகுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்த டொக்டர்
"மெத்தை தேய்ஞ்சிட்டு, நீந்துங்க" என்றார்
எனக்கு நீந்தத் தெரியும் என்பதுபோல.
கடல் எனக்குப் போகையில் இடப்பக்கம்,
வருகையில் வலப்பக்கம்.
பழக்கம் அவ்வளவுதான்.

"முழங்காலால உதைக்காதீங்க, இது சைக்கிள் இல்ல.
இடுப்பில இருந்து வரட்டும்.
பாதம் சும்மா தொங்கட்டும்,
கழண்டு விழப்போற செருப்பு மாதிரி."

சும்மா தொங்குவதுதான் வராது.
அறுபது பேர் பின்னால் இருக்க
எந்தக் கால் சும்மா தொங்கும்?
சென்றியில் ஒருநாள்
பிரேக் பிடிக்கப் பிந்திய அரை நொடி
இன்னமும் இந்தக் கணுவுக்குள்தான் இருக்கிறது.
அதைச் செரினுக்குச் சொல்லவில்லை.
அவளுக்கு அப்போது நாலு வயது இருந்திருக்கும்.

ஐந்தாம் ஞாயிறு
உதைப்பதை நான் யோசிக்கவேயில்லை.
கொண்டக்டர் அசனார் தரவேண்டிய
முந்நூற்றெழுபது ரூபாயைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பின்னால் ஆரோ சோடாப்போத்தல் திறந்ததுபோல்
சின்னதாய் ஒரு நுரைச்சத்தம்.
வயிற்றுக்குக் கீழே மணல் வரிவரியாய்
பின்னுக்கு, பின்னுக்கு ஓடியது.
முதலில் பயந்துபோனேன்
மணல்தான் நகர்கிறதென்று.

மிதவை வந்து நெற்றியில் இடித்தது.
நிறுத்துவதற்கு
எதை மிதிப்பதென்று தெரியவில்லை.

திங்கள் விடிய ஐந்து பத்து. கல்லடிப் பாலம்.
கால் பெடலில் இறங்குகிறது,
அதே பழைய கால், விரல் மேலே பார்த்தபடி.
இருக்கட்டும். பின்னால் சனம் தூங்குது.
ஞாயிறு மறுகா வரும்.