இரட்டை அசைவு

காப்புறுதிக்காரன் பேனை மூடியைக் கடித்தபடி கேட்டான்:
முன்னைய தொழில்?
றகர் என்றேன்.
ஓ, பதினைந்து பேர் ஆடுவது.
இல்லை, பதின்மூன்று. அது வேறு.
அவனுடைய படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

எனக்கும் அதில் கட்டம் இருந்ததில்லை.
பள்ளிக்கூடத்தில் நான் ஏழாம் இலக்கம்.
ஸ்க்ரமின் ஓரத்தில்
எருமை முதுகு உண்ணியாய் ஒட்டிக் கிடந்து
பந்து வெளியே தெரிந்த கணம் பாய்கிறவன்.
பதினைந்தைப் பதின்மூன்றாக்கியவர்கள்
முதலில் வெட்டியது
ஓரத்தில் ஒட்டியிருந்த அந்த இருவரைத்தான்.
என் இடமே இல்லாத விளையாட்டில்
என்னை நாட்டுக்கு எடுத்தார்கள்.

மற்றதில் எடுக்கவில்லை.
இரண்டு வருஷம் முகாம்,
இரண்டு வருஷமும் கடைசித் தாளில் பெயரில்லை.
ஹெவ்லொக் டவுனிலிருந்து கொட்டாஞ்சேனைவரை
பஸ் காசு இருந்தும் நடந்தேன்.

பிறகு துவான் ரிஸ்வி ஜுமாத் வந்தான்,
கொம்பனித்தெருக்காரன், மூக்கு மூன்றுதரம் உடைந்தவன்.
மச்சான், இது விழுந்தவனுக்கும்
மரியாதை இருக்கிற கேம், என்றான்.
விழுத்தினால் பந்து உன்னுடையதுதான்.
எழும்பு, மண்ணில் வை,
குதிக்காலால் பின்னுக்கு உருட்டு.
அப்படி ஆறுதரம்.
அதற்குப் பிறகுதான் பறிப்பார்கள்.

முகத்துவாரத்தில் வாடகை மைதானம்.
ஏழு மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள்.
ஜுமாத்தின் மச்சினனுடைய மீன் லொறி
இரண்டு கண்ணையும் விழித்துக்கொண்டு நிற்கும்,
அந்த வெளிச்சத்தில் ஒருவரையொருவர் இடித்தோம்.
வீட்டுக்கு வந்தால் ஜசிந்தா சேர்ட்டை முகர்ந்துவிட்டு
எந்தக் கடலுக்குப் போனாய் என்பாள்.

ஜேர்சிக்கு நாங்களேதான் காசு கட்டினோம்.
பெயருக்கு எழுத்தொன்றுக்கு இவ்வளவு என்று கணக்கு.
சவரிமுத்து, முத்தை உதிர்த்துவிட்டுச் சவரி ஆனது.
தலையில் ஒரு மயிரில்லாதவனை
சவுரி, சவுரி என்று
அணி முழுக்கக் கூப்பிட்டது.

செக் பொயின்ற் காலம் அது.
ஆமர் வீதியில் ஒருவன் பையைத் திறந்தான்.
முதுகில் என் பெயர். நெஞ்சில் சிங்கம்.
இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.
எந்த ஊர்?
கொட்டாஞ்சேனை.
அது கேட்கவில்லை. ஊர்?
கொட்டாஞ்சேனைதான், ஐயா.
அடையாள அட்டையைத் திருப்பித் தரவில்லை, வெகுநேரம்.
பிறகு, குரலை ஒரு படி இறக்கி,
என்ன பொசிஷன் என்றான்.
பதினொன்று. இரண்டாம் வரிசை.
சிரிக்கவில்லை. ஆனால் ஜேர்சியை
அவனே மடித்து வைத்து சிப்பை இழுத்துவிட்டான்.
மற்றவர்களுடைய பைகள்
நிலத்தில் குப்புறக் கிடந்தன.
நான் நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.
இன்றைக்கும் அதில் எனக்குக் கொஞ்சம் கூச்சம்.

மூன்று சர்வதேச ஆட்டங்கள்.
முதலாவது மழை. இரண்டாவது நினைவில்லை,
கழுத்துப் பட்டியோடு விழித்தேன்.
மூன்றாவது இங்கேயே, கொழும்பில்,
வடை விற்கிறவனைச் சேர்த்து இருநூறு பேர்.
ஐந்தாவது பிடி. ஜுமாத் தந்தான்.
இரண்டு பேரைத் தோளில் சுமந்துகொண்டு விழுந்தேன்.
வெள்ளைக் கோட்டுக்கு ஒரு சாண் இருந்தது.
கை தானாக நீண்டது.
கோடு ஈரமாக இருந்தது, சுண்ணாம்பு விரலில் ஒட்டியது.

விசில்.
இரட்டை அசைவு என்றார் நடுவர்:
பிடிபட்ட பிறகு கை இரண்டாம்முறை நகர்ந்ததாம்.
நகர்ந்ததுதான்.

மொத்தப் புள்ளிகள்: பூச்சியம்.
கலியாண வீடுகளில் ஜுமாத் கதை சொல்லும்போது மட்டும்
அது ட்ரை. வருஷத்துக்கு வருஷம்
கோடு தூரமாகிறது, என்னைப் பிடித்தவர்கள் நாலு பேராகிறார்கள்.
நான் புரியாணியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கழுத்துக்காகத் தவணைப் பணம் கூடும், சேர், என்றான் காப்புறுதிக்காரன்.
தொழிலுக்கு என்ன போட?
குழாய், பிற்றிங்ஸ், மொத்த விற்பனை என்று
போட்டுக்கொள்ளச் சொன்னேன். உண்மையும் அதுதான்.

வெள்ளவத்தையில் மழை.
நூற்றைம்பத்தைந்து நிரம்பி வந்தது.
மிதிபலகையில் ஒரு கால், மற்றது வீதியில்.
முன்னுக்குப் போங்க, முன்னுக்குப் போங்க, என்று கத்தினான் கொண்டக்டர்.
தோள் தானாகத் தாழ்ந்தது.
யாரோ ஒருவருடைய குடை விலாவில் குத்தியது.
உள்ளே இடம் இருந்தது, ஒரு சாண்.