ஜாக்கில் நிற்கும்போது கதவு மூடுமா

கூரையில்லாத வண்டி.
கூரையோடு முதுகெலும்பையும் கழற்றிக்கொண்டுதான்
விற்றிருக்கிறார்கள்.
முன் இடது மூலையில் ஜாக் வைத்து
ஒரு சாண் தூக்கினேன்.
கதவைச் சாத்தினேன். சாத்திக்கொள்ளவில்லை.
தீப்பெட்டி அட்டையின் கனம்தான் விலகல்,
அதற்கே பூட்டின் நாக்கு
துளையை விட்டு வேறெங்கோ துழாவியது.

பாலாவிலிருந்து ஃபெஸ்டினியோக் போகும் மலைச்சாலையில்
பதினோரு மாதமாக
இந்த நாக்கின் புலம்பலைத்தான் கேட்டேன்.
ஆடு தாண்டாமலிருக்கப் பதித்த கம்பிகளின் மேல் ஏறும்போதெல்லாம்
கண்ணாடி ஒரு பக்கம் நடுங்கும்,
ஸ்டீயரிங் இன்னொரு பக்கம்.
ஸ்பிரிங்கை மாற்று என்றான் கெத்தின்.
மாற்றினேன்.
களிமண்ணில் நட்ட கடப்பாரை.

ரெக்ஸமில் ஒரு பெண் விற்றாள்:
முன் சஸ்பென்ஷன் கோபுரங்கள் இரண்டையும் பிணைக்கும்
அலுமினியக் குறுக்குக்கம்பி,
அடிவயிற்றுக்கு ஒரு இரும்புச் சட்டம்.
ஹெய்ல்வென் என்று பெயர்.
மழையில் நின்று
அறுபது பவுண்டை எண்ணாமல் சட்டைப்பையில் திணித்தாள்.
இது இருந்த வண்டி? என்றேன்.
ஏற்கெனவே துடைத்த கம்பியை
மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.
"இது வளையவே இல்லை."
அவ்வளவுதான்.

வீட்டில் விளக்கடியில் பார்த்தேன்.
யாரோ ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கி முடித்து
தலையிலிருந்து தகடுவரை
மஞ்சள் பெயிண்டில் கோடு இழுத்திருக்கிறார்.
தளர்ந்தால் கோடு பிசகும், தெரிந்துவிடும்.
இப்போது பாதிக் கோடு போல்ட்டில்,
பாதி தகட்டில்.

இரண்டு ஞாயிறு,
ஈரத் தரையில் மல்லாந்து, கண்ணெல்லாம் துரு.
நான்கு சக்கரமும் எடை வாங்கிய பிறகே இறுக்கு,
தொங்கும்போது இறுக்கினால் கோணலையே பூட்டிவைப்பாய்
என்றான் கெத்தின்.
ஆண்டுக்கொருமுறை சரியாகச் சொல்வான்.

மறுபடி ஜாக். மறுபடி கதவு.
டப்.
இன்னும் ஏழு தடவை
வேண்டுமென்றே திறந்து சாத்தினேன்.

விடியலில் கிளம்பினேன்.
முன்பெல்லாம் மூக்கு முதலில் திரும்பும்,
பின்பகுதிக்குச் சேதி போகும்,
அது சோம்பல் முறித்துக்கொண்டு வரும்.
இன்று திருப்பிய கணமே
மொத்த வண்டியும் திரும்பியிருந்தது.
சிரித்துவிட்டேன், தனியாக, சத்தமாக.

மூன்றாவது வளைவில் ஆட்டுப்புழுக்கை, ஈரம்.
பழைய வண்டியென்றால் முதலில் முனகியிருக்கும்,
கதவு படபடத்திருக்கும்,
கால் தானாகத் தளர்ந்திருக்கும்.
இது ஒன்றும் சொல்லவில்லை.
பின்புறம் மௌனமாக நழுவியது.
எதிர்த் திசையில் ஒடித்தேன், பிடித்தது,
கருங்கற்சுவர் ஒரு முழம் தள்ளிப் போயிற்று.

ஒரு பண்ணைக் கேட்டருகே நிறுத்தினேன்.
எஞ்சின் அடங்கியதும்
என் பல் இரண்டும் உரசுவது கேட்டது.
பானெட்டைத் திறந்தேன்.
அவள் துடைத்த இடம்
மற்ற இடங்களைவிடப் பளபளப்பாக இருந்தது.

டூல் பெட்டியில் வெள்ளை மார்க்கர் ஒன்று கிடந்தது.
மஞ்சளை அழிக்கவில்லை.
பக்கத்தில், ஒரு நகம் தள்ளி,
போல்ட்டிலிருந்து தகடுவரை இழுத்தேன்.
தூறலில் ஒட்டவில்லை.
சட்டை முனையால் துடைத்துவிட்டு
மறுபடி இழுத்தேன்.