நாற்பத்தொன்றாம் எண்

ஓவுலு நகரில் மூன்று மணிக்கே இருட்டிவிடும்.
என் வேலை
பிறர் நடையைக் கோடாகப் படிப்பது.

முதுகுப் பக்கம் பெல்ட்டில் செருகிய போனுக்குக்
கண் இல்லை, மூக்கும் இல்லை.
இடுப்பு எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்ததென்று தெரியும்,
அதை வைத்தே எத்தனை கிளாஸ் என்று சொல்லிவிடும்.
வாய் குறைத்துச் சொல்லும், கால் சொல்லாது.
நிதி கேட்டபோது இந்த ஒரு வரியைத்தான்
நாற்பது பக்கமாக எழுதினோம்.

வெள்ளி இரவுகள் எல்லோருக்கும் ஒன்றுபோல.
ஒன்பதுக்கு நூல் பிடித்த வரிசை,
பதினொன்றுக்கு ஊதிக் கலைத்த எறும்புகள்,
ஒரு மணிக்கு மேல்
குழந்தை கிறுக்கிய சுவர்.

நாற்பத்தொன்று அப்படியில்லை.
வயது ஐம்பத்திரண்டு, பேக்கரியில் இரவு வேலை.
திங்களன்று மட்டும் தனியாகக் குடிப்பாள்.
மூன்று கிளாஸ் என்றால் மூன்று என்றே அழுத்துவாள்.
போனுக்கும் அவளுக்கும் ஒரு பிணக்கும் வந்ததில்லை,
ஜனவரி பதினாறு வரை.

அன்று அதிகாலை நாலு இருபது.
எத்தனை கிளாஸ், என்று கேட்டது போன்.
பூஜ்யம் என்றாள்.
ஒன்பது என்றது போன்.

பொய். பனி வழுக்கல். சென்சார் கோளாறு.
மூன்றில் ஒரு கட்டத்தில் நான் டிக் அடிக்க வேண்டும்.
விதியை மீறி அழைத்தேன்.

"தூலிக்கிதான்" என்றாள்,
பின்னால் மாவு பிசையும் எந்திரம்.
"தம்பி யல்மாரி பேருந்து நிலையத்தில் கிடந்தான்.
மைனஸ் இருபத்துமூன்று.
டாக்சிக்காரன் ஏற்ற மாட்டேன் என்றுவிட்டான்.
அவன் கை என் கழுத்தில், என் கை அவன் பெல்ட்டில்.
பாலம் தாண்டித்தான் வீடு.
நடுவில் ஒருமுறை உட்கார்ந்தோம்,
பாடினான், அப்புறம் அழுதான்,
திரும்பவும் பாடினான்.
நான் ஒரு சொட்டுத் தொடவில்லை.
எழுதிக்கொள்."

எங்கே எழுத?

கோட்டை மறுபடி திறந்தேன்.
இடப்பக்கம் ஒரு சரிவு, அது அவன்.
வலப்பக்கம் ஓர் இழுப்பு, அது இவள்.
சரிவு, இழுப்பு. சரிவு, இழுப்பு.
நான்கு கால்களின் கணக்கு
ஓர் இடுப்பில் ஏறியிருந்தது.
பாலத்தின் நடுவே ஆறு நிமிடம் அசைவே இல்லை.
அதன் பிறகு
இழுப்பு முதலில் வருகிறது,
சரிவு பின்னால்.

"விலகிய புள்ளி, எடுத்துவிடு" என்றார் பேராசிரியர் ரைனே.
தப்பில்லை, நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.
எடுத்துவிட்டேன்.
பதில் பொருந்தாத வாரத்துக்குக் கூப்பன் கிடையாது,
அதை மட்டும் அனுப்பிவைத்தேன்,
இருபது யூரோ.

வீட்டுக்குப் போக எனக்கும் அதே பாலம்தான்,
நாலு வருடமாக.
நடுவில் ஒரு பெஞ்சு இருப்பதை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.
பனியைக் கையால் தள்ளிப் பார்த்தேன்.
இருவர் உட்காரலாம்,
ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தால்.