ஒன்றரை

நேற்று ராத்திரியிலிருந்து நிற்கின்றன.
முதல் லாரி கேட்டை முட்டிக்கொண்டு,
கடைசி டிராக்டர் குடிபாலா சுடுகாட்டுத் திருப்பத்தில்.
பரதராமியில் இதைக் கிளிமூக்கு என்கிறார்கள்,
யாதமரியில் தோத்தாபுரி.
எங்கள் கூழ்த் தொட்டிக்கு எந்தப் பெயரும் தெரியாது.

தமிழ்நாட்டுச் சரக்கில் இனிப்பு கம்மி,
கிலோவுக்கு ஒரு ரூபாய் பிடிக்கலாம்,
லேபில் ஒரு வரி எழுதிக் கொடம்மா என்றார்
முனிரத்தினம் நாயுடு.
கோபத்துக்குத் தெலுங்கு, பேரத்துக்குத் தமிழ் வைத்திருப்பவர்
இதை இரண்டும் கலந்து சொன்னார்.

மூன்று ஊர். ஊருக்கு ஐந்து பழம்.
பார்க்காமல்தான் எடுத்தேன்,
தார்ப்பாய்க்குள் முழங்கை வரை கைவிட்டு.
கண்ணாடி மேல் ஒரு சொட்டுச் சாறு;
குழாயை வெளிச்சத்துக்குத் தூக்கினால்
நீலம் முடிந்து வெள்ளை தொடங்கும் இடத்தில்
ஒரு எண்.

யாதமரி பதினாறு.
குடிபாலா பதினைந்து.
பரதராமி பதினாலு.
சராசரிகள் படிக்கட்டு மாதிரி இறங்கின.
சூசாவா, என்றார் நாயுடு.

பார்த்தேன். பிறகு பழங்களையும் பார்த்தேன்.
பரதராமி லாரியில் ஒன்று பதினொன்று,
அதே லாரியில் இன்னொன்று பதினேழு.
ஊருக்கும் ஊருக்கும் நடுவில் மிஞ்சிப்போனால் இரண்டு,
ஒரே தார்ப்பாய்க்குள் ஆறு.

டீசல் பில்லின் முதுகில் அட்டவணை போட்டேன்.
ஊர்களுக்கு இடையே விலகியதன் வர்க்கம் பத்து,
இரண்டால் வகுக்க ஐந்து.
ஊர்களுக்கு உள்ளே விலகியது நாற்பது,
பன்னிரண்டால் வகுக்க மூன்றும் சில்லறையும்.
அதை இதால் வகுக்க
ஒன்றரை.
நாலை நெருங்கியிருந்தால் வாய் திறக்கலாம்.
இது வாசலிலேயே உட்கார்ந்துவிட்டது.

அந்த நாற்பதுக்குப் பாடப்புத்தகம் வைத்த பெயர்
பிழை.

என்ன பிழை செய்தது அந்தப் பதினொன்று?
கிணற்றுப் பக்கத்து நிழல் கிளையில் காய்த்தது.
வட்டிக்காரன் வருகிற தேதிக்கு முன்னால்
பறிக்கப்பட்டது.
பதினேழு, உச்சிக்கொம்பில்,
ஏற ஆள் கிடைக்காமல்
நாலு நாள் கூடுதலாய் வெயில் குடித்தது.
சொன்னது டிரைவர் தெய்வசிகாமணி,
பற்றவைக்காத பீடி உதட்டில் ஆட.
இதற்கெல்லாம் அட்டவணையில் கட்டம் இல்லை.
நாற்பதுக்குள்ளேயே கிடக்கட்டும் என்று விட்டேன்.

அப்போ மூணும் ஒண்ணுன்னு எழுதிட்டியா?

இல்லை சார். அப்படியும் எழுதவில்லை.
வேறு வேறு என்று அடித்துச் சொல்ல
இந்தப் பதினைந்து பழத்துக்குக் குரல் பற்றவில்லை.
நூறு கொடுங்கள், சொன்னாலும் சொல்லும்.
நீங்கள் நினைக்கிறதையே கூடச் சொல்லும்.

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
டீசல் கணக்கையும் ஒருமுறை சரிபார்த்தார்.
அடியில் நான் வட்டமிட்டிருந்ததில் விரல் வைத்து,
ஒன்றரை, என்றார்.
ரூபாயா?

விளையாட்டுக்குக் கேட்டாரா என்று இன்றுவரை தெரியாது.

சாயங்காலம் விலைப் பலகையில்
மூன்று ஊருக்கும் ஒரே எண்.
என் தாளாலா,
தொட்டி பாதி காலியாய்க் கிடந்ததாலா,
சென்னையிலிருந்து வந்த அந்த ஃபோனாலா?
ஒரு பலகை, ஒரு சாயங்காலம்.
இதை வைத்து எதையும் வகுக்க முடியாது.

அறுத்த பழங்களைத் திருப்பி ஏற்றக்கூடாது, விதி.
பதினொன்றைக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தடவி
நானும் தெய்வசிகாமணியும்
எடைமேடைச் சுவரோரம் நின்று தின்றோம்.
பல் கூசியது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு
இன்னொரு கீற்றுக்குக் கை நீட்டினார்.
அதற்குள் முன்லாரி
ஒரு வண்டி நீளம் நகர்ந்துவிட்டது.
கையைச் சட்டையில் துடைத்தபடி
ஓடினார்.