சரியான அளவு

முதலில் நீ கடுகு டப்பாவில் சாய்ந்திருந்தாய்.
ஐந்து இஞ்சு.
மிக்சி ஓடும்போதெல்லாம்
கொஞ்சம் கொஞ்சமாய்ச் சரிந்து
மல்லாந்து கிடப்பாய்.
"எடி, ஃபேன்தான் தெரியுது."
மீன் கழுவின கையோடு நிமிர்த்துவேன்.
பேசி முடிக்கும்வரை
உன் நெற்றியில் ஒரு செதில் மின்னும்.
உனக்குத் தெரியாது.

பிறகு டிவியில் போட்டோம்.
தேர்தலுக்கு நிற்கிறவன் மாதிரி
சுவர் நிறைய உன் முகம்.
மீசையில் நரைத்ததை எண்ணலாம்.
எட்டிப்பார்த்த ஹெலன்மேரி
சேலையைச் சரிசெய்துகொண்டாள்.
நாங்கள் மூன்று பேரும் சோபாவில் வரிசையாக,
பூசைக்கு வந்தவர்கள்போல,
ஒருவரை ஒருவர் பாராமல்.
அவ்வளவு பெரியவனிடம்
கேஸ் தீர்ந்துபோனதை எப்படிச் சொல்ல?
நல்லா இருக்கோம் என்று வைத்துவிட்டோம்.

ஆக்லின்தான் கேட்டாள்.
பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம்,
எதையும் அளக்காமல் விடமாட்டாள்.
"அப்பா மொகம் எத்தன சென்டிமீட்டர்மா?"
இருபது வருஷக் கல்யாணம். எனக்குத் தெரியவில்லை.
கை மட்டும் தானாக எழுந்து
காற்றில் விரிந்தது:
தாடையில் சுண்டுவிரல்,
முடி தொடங்குமிடத்தில் பெருவிரல்.
அவள் ஸ்கேலை வைத்தாள்.
பத்தொன்பது என்று எழுதிக்கொண்டாள்.

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
மூடப்போகிற பிரௌசிங் சென்டரில்
ஒரு மானிட்டர், ஆயிரத்து எழுநூறு.
பிளஸ் டூவில் கிடைத்த அரசாங்க லேப்டாப்பில் வயரைச் செருகி
மேசையின் கடைசியில், உன் இடத்தில்,
ஸ்டூல் போட்டு நிறுத்தினாள்.
என் கண்ணுக்கு நேராக உன் கண் வரும்வரை
அடியில் மெர்ஜினின் பாடப்புத்தகங்கள்.
சமூக அறிவியலை உருவியதும் சரியாக வந்தது.
கேமராவை உன் மூக்குக்கு நேரே
நீ விட்டுப்போன தூண்டில் நரம்பில் தொங்கவிட்டாள்.
முகத்துக்கு நடுவே ஈ உட்கார்ந்ததுபோல.
இரண்டு நாளில் அந்த ஈ எங்கே போனதென்று தெரியவில்லை.

நீலக்கட்டம் போட்ட மேசைவிரிப்பில்
ஒரு மீட்டர் வெட்டி
ஊருக்கு வந்த ஆள்வசம் கொடுத்துவிட்டோம்.
முஹரக்கில், ஐந்து பேர் படுக்கும் அறையில்,
இஸ்திரிப் பலகைமேல் விரித்தாய்.
அன்றைக்கு ராத்திரி
குளச்சலில் தொடங்கிய கட்டங்கள்
கண்ணாடிக்குள் நுழைந்து
நடுவில் கடல் கிடக்கிற நினைப்பே இல்லாமல்
உன் தட்டுவரை போயின.
இந்தப் பக்கம் மரச்சீனி, சாளைக்கறி.
அந்தப் பக்கம் குப்பூஸ், பருப்பு.
உப்பு கேட்டாய்.
எடுத்து நீட்டினேன்.
நீயும் கை நீட்டினாய்.
மெர்ஜின் சிரித்தான்.
அப்புறம் சிரிக்கவில்லை.

அதன் பிறகுதான் நமக்குச் சண்டைபோட வாய்த்தது.
ஐந்து இஞ்சைப் பார்த்துக் கோபப்பட முடியாது.
சுவரளவு ஆளிடமும் முடியாது.
சீட்டுப் பணத்துக்காக ஒருநாள்
கண்ணுக்குக் கண் பார்த்து
நெட் போகும்வரை கத்தினோம்.
நெட் போன பிறகும் நான் கத்தினேன்.
நல்ல உறக்கம் வந்தது.

ஆனியில் லீவில் வந்தாய்.
தூண்டில் வளைவைத் தாண்டி அடிக்கிற கடல்,
ஜன்னலெல்லாம் உப்பு.
சோறு வைத்தேன்.
மானிட்டரை எடுத்து இடம் ஒழிக்க
ஆக்லின் எழுந்தாள்.
"கெடக்கட்டும் மக்களே" என்று
நாற்காலியை இழுத்து
எனக்கு வலப்பக்கம் போட்டாய்.

எதிரே இருப்பதை மட்டுமே
ஏழு வருஷமாய் அளந்துகொண்டிருந்தோம்.
பக்கம் என்று ஒன்று
ஸ்கேலில் வரவே இல்லை.

முதல் வாயில் உன் முழங்கை
என் முழங்கையில் இடித்தது.
இரண்டாவதிலும்.
நீ இடக்கையால் உண்பது
தினமும் கண்டதுதான்.
இடிக்கும் என்பது மறந்திருந்தது.

"தள்ளி இரும்" என்றேன்.
நீ தள்ளவில்லை.
அணைந்த கண்ணாடிக்கு முன்னால்
கச்சான் காற்றில்
நரம்பில் தொங்கிய கேமரா
எங்களைப் பார்ப்பதும் சுவரைப் பார்ப்பதுமாக
சுற்றிக்கொண்டிருந்தது.