பன்னிரண்டு போன்கள்

பாம்பனில் ஐஸ் கம்பெனியை ஒட்டி என் கடை.
எட்டடிக்கு ஆறடி.
அந்த வருஷம் வாடைக்கு முன்னால்
ஏஜென்ட் தவ்பீக் ஒரு பெட்டி இறக்கினான்.
பன்னிரண்டு போன்கள்.
"உள்ள ஓடுறது வேற மூளைண்ணே" என்றான்.

திறந்து பார்த்தேன்.
ழகரத்தின் வால் கடைசிவரை ஒழுங்காக மடங்கியிருந்தது.
இத்தனை வருஷம் போன் விற்கிறேன்,
எழுத்தைப் பார்க்கவென்று ஒன்றைத்
திரும்பத் திரும்பத் திறந்தது அன்றைக்குத்தான்.
தொட்டால் பதறாது. சார்ஜ் இரண்டு நாள் நிற்கும்.
பெட்டியின் அடியில் எறும்பு எழுத்தில் ஒரு நிபந்தனை:
இன்ன கம்பெனி சிம் மட்டும்.

இன்ன கம்பெனிக்கு ஊர் உச்சிப்புளியோடு முடிந்தது.
பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு டவர் கிடையாது.
"போன் வித்தா டவர் வைப்பாக."
"டவர் வச்சா போன் விப்பேன்."
இருவரும் டீ குடித்தோம்.
காசு அவன் கொடுத்தான்.

மற்ற கம்பெனி
மீன் ஏலக் கொட்டகைக்குப் பின்னால் டவரை நட்டது.
சிம்முக்கு மஞ்சள் குடை இனாம். மூணு மாசம் நெட் சும்மா.
அதோடு சேர்த்து விற்கிற போனுக்கு, ஒன்றுக்கு,
எனக்கு நூற்றைம்பது.
அந்தப் போனில் ழகரம் நொண்டும்.
மத்தியானத்துக்குள் சூடேறி மயங்கிவிடும்.
நான் யாரிடமும் பொய் சொன்னதில்லை.
எது கண்ணாடியில் முன்னால், எது பின்னால் என்பதைக்
கை பார்த்துக்கொண்டது.
நூற்றைம்பது அந்தக் கைக்கு.

பன்னிரண்டில் ஒன்று போனது.
சின்னப்பாலத்துத் தெக்கிலா, பாசி எடுக்கிறவள்.
ஈர விரலுக்கும் இது சொன்னபடி கேட்கிறதே என்று
நாலு தவணையில் எடுத்தாள்.

வீட்டில் அது ஊமை.
தீவுப் பக்கம் வல்லத்தில் போனால் மட்டும் விழிக்கும்:
இலங்கைக்கு உங்களை வரவேற்கிறோம்.
ஒரே ராத்திரியில்
இருந்த அறுநூத்தி நாப்பதையும் வழித்துக்கொண்டு போனது.
விடிந்ததும் வந்து நின்றாள்,
முழங்கைவரை உப்பு காய்ந்து வெளுத்திருக்க.

"எங்க வீட்டு ஆளு கோட்டத் தாண்டுனா
படகோட பிடிச்சு வைக்கிறாக.
இது தெனம் போயிட்டுப் போயிட்டு வருது.
இதுக்கு மட்டும் யாரு பாஸ்போட்டு குடுத்தா?"

ராமநாதபுரத்தில் ஒரு பையனிடம் பூட்டை உடைத்தேன்.
முந்நூறு, என் காசு.
குடைக்காரன் சிம்மைப் போட்டோம். டவர் நிறைந்தது.
அதற்குள் வாட்சப் அந்த மூளைக்கு வருவதை நிறுத்தியிருந்தது.
ஆள் ஏறாத ஊருக்கு எதுக்குப் பஸ் என்றார்களாம்.
பஸ் வராத ஊரில்
ஆள் எதில் ஏறும்?

சித்திரையில் கம்பெனி கடையைக் கட்டியது.
மக்களுக்குப் பிடிக்கவில்லை என்று பேப்பரில் போட்டிருந்தான்.
மக்கள் பார்க்கவே இல்லை.
நான் பின்னால் வைத்திருந்தேன்.

பத்தைத் தவ்பீக் எடுத்துப் போனான்.
ஒன்று என் மேசை அறைக்குள், அணைந்து கிடக்கிறது.
தெக்கிலா இப்போது குடைக்காரன் போனில்தான் பேசுகிறாள்.
ஆனால் அதைத் திருப்பித் தரவில்லை.
மழைக்காகிதத்தில் சுற்றி இடுப்பில் வைத்திருப்பாள்,
கரையேறியதும் அன்றைய பாசிக் கணக்கை அதில் அடிப்பாள்.
போன வாரம் எட்டிப் பார்த்தேன்:

வியாழன். பதினேழு கிலோ. மழை.

மூணாவது தவணை இன்னும் பாக்கி.
கேட்கவில்லை.