வந்திருந்தோர்

மஞ்சக்குப்பத்தில் தட்டச்சுப் பள்ளிக்கு மேலே ஓர் அறை.
ஞாயிறு மாலை ஐந்தரை.
'உலக நடப்பு ஆய்வு வட்டம்' என்று
அட்டையில் எழுதி ஆணியில் மாட்டியிருந்தார்கள்.
யார் வேண்டுமானாலும் வரலாம் என்று
கீழே சின்ன எழுத்தில்.
நான் அந்த யார் வேண்டுமானாலும்தான்.
படி ஏறினேன்.

"சுருக்கெழுத்து தெரியுமா?" என்றார் பூவராகன்.
தெரியாது என்று சொல்லி முடிப்பதற்குள்
குறிப்பேடு என் மடியில் இருந்தது.

முதல் வாரம் தைவான்.
அடுத்த வாரம் டாலர்.
அதற்கடுத்து கோதுமை, யாரோ இருவரின் சண்டை,
மின்வெட்டு.
வாய் திறக்காமல் எழுதினேன்.
வந்திருந்தோர்: ஆறு பேர்.
மூன்று வாரமும் ஆறு பேர்.

"வெளிநாட்டு விவகாரமெல்லாம் டெல்லிக்காரன் பாடு,
உனக்கென்ன அதில்" என்கிறார்கள் வீட்டில்.
எங்கள் ஊர் குண்டு உப்பலவாடி.
கோட்டையிலிருந்து வெள்ளைக்காரன் பீரங்கி வெடித்தானாம்.
குண்டு போய் விழுந்த இடம் வரைக்கும்
அவனுக்கென்று பேச்சாம்.
கீழே நின்றவர்களை
யாரும் கேட்டதாகக் கதையில் இல்லை.
அது பறந்த தூரத்தை இப்போது டவுன் பஸ்ஸில்
டிக்கெட் இல்லாமல் கடக்கிறேன்,
பெண் என்பதால்.

நான்காம் வாரம் செங்கடல்.
கப்பலெல்லாம் சுற்றிக்கொண்டு போகிறது,
அதனால்தான் பண்ருட்டியில் முந்திரி விலை இப்படி என்று
வரைபடத்தில் விரலை வைத்தார் பூவராகன்.

பேனா நின்றுவிட்டது.
பதினோரு வருடமாக முந்திரிக் கம்பெனியில்
கப்பல் காகிதம் சரிபார்க்கிறவள் நான்.
"நம்ம மூட்டை அந்த வழியா வர்றதில்லைங்க."
சொன்னது நான்தானா என்று திரும்பிப் பார்த்தேன்.
"கோட்டனூல ஏத்தினா
ஆப்பிரிக்காவுக்குக் கீழால சுத்தித்தான் வரும்.
எப்பவும் அப்படித்தான்.
வழி மாறல. பெட்டிதான் கிடைக்கல.
மத்த கப்பலெல்லாம் சுத்தப் போனதுல
காலிப் பெட்டி அத்தனையும் கடல்ல நிக்குது."

மின்விசிறி மட்டும் பேசியது கொஞ்ச நேரம்.
கைப்பையைத் துழாவி
ஒரு காசை எடுத்து மேசையில் வைத்தேன்.
பெனினிலிருந்து வந்த சாக்கில் கிடந்தது.
எடைக்காகக் கல் வரும், மண் வரும்,
ஒருமுறை செருப்பு வார் வந்தது.
காசு இதுதான் முதல் தடவை.
குனிந்து அள்ளும்போது விழுந்திருக்கும்.
அன்று சாயங்காலம் தேடியிருப்பாள்.

அஞ்சாப்புலிதான் முதலில் எடுத்தார்.
தேவனாம்பட்டினத்தில் இரண்டு விசைப்படகு அவருக்கு.
"அட, வேளா!" என்றார்.
காசில் இருந்தது மீன் என்பதே
எனக்கு அப்போதுதான் தெரிந்தது.
"வாள் மூஞ்சிக்காரன். எங்கப்பன் வலையை
நார் நாராக் கிழிச்சிட்டுப் போவான்.
இப்ப எங்க இருக்கான்,
இந்தக் காசுலதான் இருக்கான்."

புதுச்சேரியிலிருந்து பஸ் ஏறி வருகிறவர் சிங்கராயர்,
பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"டக்கார்ல இதைக் கொடுத்து ரொட்டி வாங்கியிருக்கேன்.
எட்டு நாட்டுக்கும் இதே காசு.
அச்சடிக்கிறது மட்டும் பிரான்ஸ்ல."
அது எப்படிங்க என்றேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"கேக்கத் தோணல. காவலுக்கு நின்னேன்."

"நாம செங்கடலுக்கு வருவோம்" என்றார் பூவராகன்.
ஒருவரும் வரவில்லை.

டீக்கடைப் பையன் தட்டில் விழுந்த சில்லறையை எண்ணி
ஒன்றை மட்டும் தள்ளி வைத்தான்.
"இது செல்லாது."
"எட்டு நாட்டுல செல்லும்டா" என்றார் சிங்கராயர்.
"அப்ப அங்க போய்க் குடிங்க."

எல்லோரும் இறங்கிப் போனபின் எழுதினேன்.
தலைப்பு: செங்கடல். பேசியது: வேறு.
தீர்மானம்: ஏதுமில்லை.
தேநீர்: ஏழு.
வந்திருந்தோர்: ஆறு பேர்.
பேனாவை மூடினேன்.

கீழே யாரோ ஷட்டரை இழுக்கிறார்கள்.
கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.
மூடியைத் திறந்தேன்.